பனி என்று சொன்ன புகை

ஊத்துமலைத் தோட்டத்தின் உச்சியில், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில், இருபதடிக் கம்பத்தில் பல்கலைக்கழகம் பூட்டிவைத்த கமரா, நாற்பத்தொரு நாளில் அறுநூற்றுப் பதின்மூன்று தடவை "தீ" என்று கத்தியிருந்தது. அந்த நாற்பத்தொரு நாளில் தோட்டத்தில் பற்றி எரிந்தது என்று பார்த்தால், ஒன்றுமில்லை.

கமராவைக் குறை சொல்லிப் பயனில்லை. அது காட்டுத்தீயைப் படித்தது வெளிநாட்டுப் படங்களில். அங்கெல்லாம் மலையிலிருந்து வெள்ளையாக ஏதாவது எழும்பினால் அது புகை. இங்கே, மாத்தளைப் பக்கத்து எல்கடுவைக்கு மேலே, காலை ஐந்தரைக்குப் பள்ளத்தாக்கிலிருந்து வெள்ளையாக எழும்புவது பனி. கமராவுக்கு அது தெரியாது. பனி ஏறினால் பதறும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அடுப்புகள் மூண்டால் பதறும். ஒரு செவ்வாய்க்கிழமை மாரியம்மன் கோயிலில் சாம்பிராணி போட்டதற்கும் பதறியது. பூசாரி அதை அம்மன் கொடுத்த உத்தரவு என்று எடுத்துக்கொண்டார். ரஜிதா மறுக்கவில்லை.

பதறல் எல்லாம் வந்து விழுவது ரஜிதாவின் போனில்தான். அவள் ஆராய்ச்சிக் குழுவின் கள உதவியாளர். குழு என்றால் மூன்று பேர். பேராசிரியர் ஜமால்தீன் தலைவர். மாத்தளை டவுனைச் சேர்ந்த றிஸ்கான், பல்கலைக்கழகக் கம்பஸில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து கமராவுக்குப் பாடம் நடத்துகிறவன். ரஜிதா மலை ஏறுகிறவள். திட்ட அறிக்கையில் அவளுடைய வேலைக்குக் "களத்தள ஒருங்கிணைப்பு" என்று பெயர். நடைமுறையில், சோலார் பேனலில் காக்கை எச்சத்தைத் துடைப்பது.

அவள் அதைக் குறைவாக நினைக்கவில்லை. அவள் பிறந்ததே இந்தத் தோட்டத்து லயத்தில். இரண்டு வருடத்துக்கு முந்திய மாசி வெயிலில், மானாப்புல் சரிவில் பற்றிய தீ, லயத்துக்குத் தண்ணீர் தரும் ஊற்றுக்காட்டில் பாதியைத் தின்றுவிட்டுப் போனது. ஊற்று நான்கு மாதம் வாய் திறக்கவில்லை. அறுபத்துநான்கு குடும்பமும் ஒன்றரை மைல் கீழே பஸ் ரோட்டுக்கு இறங்கிக் குடத்தோடு ஏறியது. அந்த ஏற்றத்தில் விழுந்த ரஜிதாவின் அம்மாவுக்கு முழங்கால் போனது. அதற்குப் பிறகு அவள் கொழுந்து மலைக்குப் போகவில்லை. மிச்சமிருக்கும் பாதிக் காடும் போனால் ஊற்று போச்சு. ஊற்று போனால் லயமும் போச்சு. ரஜிதா இந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டபோது "உங்கள் ஆர்வத்தை விளக்குக" என்ற இடத்தில் இதைத்தான் எழுதினாள். இரண்டு வரி.

பங்குனி பிறப்பதற்கு இரண்டு வாரம் முன்பு பேராசிரியர் போன் பண்ணினார்.

"மகள், இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை நிதி தார ஆக்கள் பார்க்க வாராங்க. பொய் எச்சரிக்கை ஒரு நாளைக்குப் பத்துக்குக் கீழ வராட்டி கமராவக் கழட்டி லக்கலைக்கு அனுப்பப் போறாங்களாம்."

"லக்கலையில என்ன சேர்?"

"யானை பார்க்க."

"யானை பெருசு சேர். அத யாரும் பனின்னு நெனைக்க மாட்டாங்க. கமரா இங்கதான் வேணும்."

"அதைத்தான் நானும் சொன்னேன். அவங்களுக்கு இலக்கம் வேணுமாம்."

இலக்கத்தைக் குறைக்கும் வழியை றிஸ்கான் சொன்னான். கமரா எடுத்த படங்களையே ஆட்களுக்குக் காட்டி, இது பனி, இது புகை என்று ஒவ்வொன்றாகப் பதிய வேண்டும். அதை வைத்து அவன் கமராவுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுப்பான். இரண்டாயிரம் படம்.

"கம்பஸ் பொடியன்மாருக்குக் காட்டினேன் ரஜிதா. வல்லாஹி, முன்னூறு படத்துக்கு 'அழகு'ன்னு பதிஞ்சு வச்சிரிக்கானுங்க."

ரஜிதா டெப்லட்டை எடுத்துக்கொண்டு நிறுவைக்குப் போனாள்.

பத்தரை மணிக்கு ஏழாம் நம்பர் மலையின் அடியில் தராசைத் தொங்கவிடுவார்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் சாக்கோடு வரிசையில் நிற்பார்கள். கணக்கப்பிள்ளை ஒவ்வொரு சாக்காக நிறுத்து முடிக்க இருபது நிமிடம். அந்த இருபது நிமிடம் யாருக்கும் சொந்தமில்லாத நேரம். ரஜிதா அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"இது என்ன பாருங்க."

"பனி," என்றாள் நல்லம்மா. ரஜிதாவின் பெரியம்மா. இருபத்தெட்டு வருடமாக அந்த மலையில் கொழுந்து பறிக்கிறாள். அவள் வாய் திறந்தால் கணக்கப்பிள்ளையே தொப்பியைச் சரிசெய்து கொள்வார்.

"எப்புடி சொல்றீங்க பெரியம்மா?"

"பனி கீழருந்து தவழ்ந்து வரும் புள்ள. பொக எந்திரிச்சு நிக்கும்."

"இது?"

"பொக. பச்ச வெறகு. தர்ஷிகா வூட்டு அடுப்பு."

"என் வூட்டு அடுப்ப ஏன் இழுக்குறீங்க?" என்றாள் வரிசையில் நான்காவதாக நின்ற தர்ஷிகா.

"படத்துல மணியப் பாருடி. ஒம்பது. நீ காலப் பெரட்டுக்கு வராம லீவு போட்ட அன்னைக்கு."

"வகுத்து வலின்னுதானே சொன்னேன்!"

"வகுத்து வலிக்குத்தான் ரொட்டி சுட்டியா?"

மலை முழுக்கச் சிரிப்பு. கணக்கப்பிள்ளை எதையும் கேட்காதவர் போல தராசு முள்ளைப் பார்த்தார்.

பன்னிரண்டு நாளில் இரண்டாயிரம் படமும் முடிந்தன. றிஸ்கான் இரண்டே வகைதான் கேட்டிருந்தான். பெண்கள் அவனுக்கு ஒன்பது கொடுத்தார்கள். மழை வரப்போகும் பனி, வராத பனி, பச்சை விறகு, வெட்டிப் போட்ட தேயிலை மார் எரியும் புகை, தொழிற்சாலைப் புகைக்கூண்டு, குப்பை, மானாப்புல், சாம்பிராணி, தர்ஷிகா. கடைசி வகையை ரஜிதா நீக்கிவிட்டாள்.

ஆனால் மூன்றாம் நாளே ஒரு படம் வந்திருந்தது. ஊற்றுக்காட்டுக்குக் கீழே, மானாப்புல் சரிவுக்கும் தேயிலைக்கும் நடுவில் உள்ள பள்ளம். அதிலிருந்து மெல்லியதாக, நேராக, ஒரு வெள்ளைக் கோடு எந்திரிச்சு நின்றது.

தர்ஷிகா தன் சாக்கின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

அந்தப் பள்ளத்தில் என்ன நடக்கிறது என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். நல்லம்மாவின் வீட்டுக்காரர் அழகமுத்து அங்கே கசிப்பென்னும் கள்ளச் சாராயம் காய்ச்சுகிறார். போன வருடம் பொலிஸ் பிடித்துப் பதினான்கு நாள் உள்ளே வைத்தது. ரஜிதாவுக்கு அவர் பெரியப்பா. அவள் கம்பஸுக்குப் போன முதல் நாள் பெட்டியைத் தலையில் வைத்து ரோட்டு வரை கொண்டுவந்தவர்.

"இது, பெரியம்மா?"

நல்லம்மா படத்தைப் பார்க்கவில்லை. ரஜிதாவைப் பார்த்தாள்.

"பனி."

ரஜிதாவின் பெருவிரல் திரைக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு "பனி" என்பதை அமுக்கியது. அதே பள்ளம், அதே கோடு, முப்பத்தெட்டுப் படத்தில் இருந்தது. முப்பத்தெட்டுத் தடவையும் நல்லம்மா பனி என்றாள். முப்பத்தெட்டுத் தடவையும் ரஜிதா அமுக்கினாள்.

புதுப் பாடம் படித்த கமரா ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் கத்தவில்லை. "ஒங்கட ஆக்கள் ப்ரொபசர்மாருக்கு மேல," என்றான் றிஸ்கான். பேராசிரியர், தான் ப்ரொபசர் என்பதை மறந்து, அதை ஒத்துக்கொண்டார். வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு சுவரொட்டி அச்சானது. அதில் கொழுந்துக் கூடையோடு ஒரு பெண் கமராவைப் பார்த்துச் சிரித்தாள். அவள் ஊத்துமலைக்காரி இல்லை. இணையத்தில் கிடைத்தவள்.

செவ்வாய்க்கிழமை, வருகைக்கு மூன்று நாள் முன்பு, மதியம் இரண்டு பத்துக்கு ரஜிதா கம்பத்தடியில் நின்று பேனலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. பத்து நாளாக ஒரு சொட்டு மழை இல்லை. காற்று மட்டும் புல்லை ஒரு பக்கமாகச் சீவிக்கொண்டிருந்தது. கீழே வைத்திருந்த டெப்லட்டைத் தற்செயலாகப் பார்த்தாள்.

"பள்ளம்: பனி. நிச்சயம் 97 வீதம்."

பங்குனி மாதத்தில், மதியம் இரண்டு மணிக்கு, பனி.

அவள் தலையை நிமிர்த்தினாள். பள்ளத்தின் மேல் விளிம்பில் தவிட்டு நிறத்தில் ஒரு கொத்துப் புகை காற்றோடு சாய்ந்து மேலே ஏறியது. அதன் அடியில், பகல் வெளிச்சத்தில் சரியாகக் கண்ணுக்குப் படாத மஞ்சள் நாக்குகள். புகை போகும் திசையில் மானாப்புல். மானாப்புல்லுக்கு மேல் ஊற்றுக்காடு. கமரா 98 வீதத்துக்கு ஏறியது. அதற்குச் சந்தேகமே இல்லை.

தொழிற்சாலைக்குப் போன் பண்ணினாள். "சங்க ஊதச் சொல்லுங்க! ஊத்துக்காட்டுக்கு நெருப்பு ஏறுது!"

"கமராவா சொல்லிச்சு?" என்றார் எடுத்தவர். அறுநூற்றுப் பதின்மூன்று தடவை ஏமாந்த குரல்.

"கமரா பனின்னு சொல்லுது. நான் சொல்றேன் நெருப்புன்னு. ஊதுங்க!"

ஊதினார்கள். அதற்குள் ரஜிதா குறுக்கு வழியில் ஏழாம் நம்பர் மலைக்கு இறங்கியிருந்தாள். நல்லம்மா நிரையின் கடைசியில் நின்றாள்.

"பெரியம்மா, ஒங்க பனி பத்திக்கிச்சு."

நல்லம்மா கூடையைக் கழற்றித் தேயிலைச் செடி மேல் வீசினாள்.

"ஏய், நின்னுக்கிட்டு என்னா பாக்குறீங்க? கவ்வாத்துக் கத்தி எங்க? மருந்தடிக்கிற ஆம்பளைங்கள வரச் சொல்லு! டேங்குல மருந்து இல்ல, தண்ணி! தண்ணிய ஊத்திக்கிட்டு வரச் சொல்லு!"

எட்டு ஆண்கள் களைக்கு மருந்தடிக்கும் டேங்குகளை முதுகில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள். முப்பது பெண்கள் தீயிடம் போகவில்லை. நல்லம்மா போகவிடவில்லை. தீக்கும் காட்டுக்கும் நடுவில், காட்டை ஒட்டி, பதினைந்தடி அகலத்துக்குப் புல்லை வெட்டி இழுத்துக் கோடு போடச் சொன்னாள். "தரை தெரியணும்! ஒரு மசுரு புல்லு நிக்கக் கூடாது!" ரஜிதாவும் கத்தி வாங்கினாள். இடுப்பு உயரப் புல் முகத்தைக் கிழித்தது. வெட்டியதை அள்ளிக் காட்டுப் பக்கம் போட்ட ஒருத்தியின் கையில் நல்லம்மா ஓங்கி அடித்தாள். "நெருப்புக்கு ஊட்டி வுடப் போறியா? கீழ தள்ளு!"

பள்ளத்திலிருந்து அழகமுத்து வெளியே வந்தார். புருவம் இரண்டும் இல்லை. இரு கையாலும் ஒரு பிளாஸ்டிக் கலனை அணைத்துக்கொண்டு தீயை ஒட்டி ஓடிவந்தார்.

"அதப் போட்டுட்டு ஓடி வா மனுசா!" என்று நல்லம்மா கத்தினாள். "அது தண்ணி இல்ல! வெடிக்கும்!"

"இருவது லீட்டர் புள்ள!"

"நீயும் வெந்தா அறுவது கிலோ! போடு!"

அவர் கலனைப் பள்ளத்துக்குள் உருட்டிவிட்டார். அது நீலமாக எரிந்தது. பிறகு ஒரு டேங்கை வாங்கி முதுகில் மாட்டி, தீயின் இடது பக்கத்துக்கு ஓடினார். அன்று அவரைவிடத் தீக்குக் கிட்டப் போனவர் யாருமில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

தீ கோட்டுக்கு வந்தது. இரண்டு இடத்தில் தாண்டப் பார்த்தது. பச்சைக் கொப்புகளால் அடித்தார்கள். ஐந்து மணிக்கு அது கறுப்புத் தரையில் படுத்து இருமத் தொடங்கியது. ஊற்றுக்காடு நின்றது. ஓரத்தில் நாலைந்து மரங்களின் இலை கருகியது, அவ்வளவுதான். ரஜிதா ஊற்றுக் குழாயில் வாயை வைத்துக் குடித்தாள். தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

அந்த இடத்திலேயே றிஸ்கானின் போன் வந்தது.

"கமரா எல்லாத்தையும் பனின்னு எழுதி வச்சிரிக்கி. என்ன நடந்த?"

ரஜிதா சொன்னாள். எல்லாவற்றையும்.

"இதுதான் ரஜிதா. அந்தப் பள்ளத்துல எழும்புற எதுவும் பனின்னு நீங்க முப்பத்தெட்டு தரம் படிச்சுக் குடுத்தீங்க. அது நல்ல பிள்ள மாதிரிப் படிச்சிட்டு. சரி, கேளுங்க. பேனல்ல காக்கா எச்சம், கரண்ட் போயிட்டு, கமரா நின்னுட்டுன்னு எழுதுவோம். காக்கா மறுப்பு அறிக்கை விடாது."

"கமரா இங்க நிக்கும்."

"நிக்கும்."

"நின்னு அடுத்த நெருப்பையும் பனின்னு சொல்லும்."

ரஜிதா கையில் இருந்த கரியை ஊற்றுத் தண்ணீரில் கழுவினாள்.

"பொய் சொல்ற கமரா எனக்கு வேணாம் றிஸ்கான். அதுக்குப் பதிலா அது லக்கலையில யானை எண்ணட்டும்."

அவளே பேராசிரியருக்கு எடுத்தாள். பேராசிரியர் முதலில் சந்தோஷப்பட்டார். உண்மையான தீ, அதுவும் வருகைக்கு மூன்று நாள் முன்பு! கமரா எத்தனை நிமிடத்தில் சொன்னது?

"சொல்லல சேர். பனின்னு சொல்லிச்சு. படத்த பிழையாப் பதிஞ்சது நான்."

"தெரியாமலா?"

"தெரிஞ்சுதான் சேர்."

எதிர்ப்பக்கத்தில் பேராசிரியர் உட்கார்ந்திருந்த கதிரை கிரீச்சிட்டது.

"ரெண்டு நாள் இரிக்கி, மகள்," என்றார் கடைசியில். "படத்தத் திருத்துங்க. வெள்ளிக்கிழமை அவங்க முன்னுக்கு, அதே பள்ளத்துல நெருப்பு மூட்டிக் காட்டுவோம். நடந்ததையும் நானே சொல்றேன். பிடிச்சா பிடிச்சது. பிடிக்காட்டி ஸ்பேனரோட வந்து நானே கழட்டுவேன்."

மறுநாள் பத்தரை மணிக்கு ரஜிதா தராசடியில் நின்றாள். முகத்தில் புல் கீறல்கள். பெண்கள் யாரும் டெப்லட்டைப் பார்க்கவில்லை.

"நேத்து என்னோட வெரல் சொன்ன பொய்க்கு நீங்க எல்லாரும் கத்தி புடிச்சீங்க," என்றாள். "முப்பத்தெட்டு படம் இருக்கு. நானே தனியா மாத்திரலாம். ஆனா அப்புடி மாத்துனா நாளைக்கு இன்னொருத்தருக்காக இன்னொரு படத்தப் பனின்னு சொல்லுவோம். அதான் இங்க வந்தேன்."

தராசு காற்றில் ஆடியது. நல்லம்மா வரிசையை விட்டு வந்து கையைச் சேலையில் துடைத்தாள்.

"எங்க அமுக்கணும்?"

"இங்க, பெரியம்மா."

"இது பொக." அமுக்கினாள். "இதுவும் பொக." அமுக்கினாள். ஐந்தாவது படத்தில் நின்றாள். "இது எந்தத் தேதி?"

ரஜிதா சொன்னாள்.

"அன்னைக்கு இடுப்பு புடிச்சிருச்சின்னு லயத்துல படுத்திருந்தாரே! நான் கசாயம் வச்சுக் குடுத்துட்டு மலைக்கு வந்தேன்!" ஓங்கி அமுக்கினாள். "பொக! அடுத்தது?"

"இது... சிவராத்திரிக்கு மறுநாள் வெடிய."

"கோயில்ல முழிச்சிருந்தேன்னு விபூதியோட வந்து நின்ன ஆளு!"

"வகுத்து வலிக்கு ரொட்டி சுடலாம்னா, இடுப்பு வலிக்கு இதையும் காய்ச்சலாம் அக்கா," என்றாள் தர்ஷிகா. இரண்டு வாரமாக வாய்க்குள் வைத்திருந்த பதில்.

வரிசை குலைந்து எல்லோரும் டெப்லட்டைச் சூழ்ந்துகொண்டார்கள். முப்பத்தெட்டும் முடிந்தபோது திரையில் நல்லம்மாவின் விரல் அச்சு பாலில் விழுந்த தேயிலைச் சாயம் மாதிரிப் படிந்திருந்தது. அவள் டெப்லட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னாள்:

"அந்தப் போன் சத்தம் ஒனக்கு மட்டும் ஏன் வருது? அறுபத்துநாலு வூட்டுக்கும் வர மாதிரி செய்யச் சொல்லு அந்தத் தம்பிய."

வெள்ளிக்கிழமை மூன்று பேர் வந்தார்கள், நான்கு குடையோடு. பேராசிரியர் சுவரொட்டியைச் சுருட்டி வேனிலேயே வைத்துவிட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னார். வந்தவர்களில் கண்ணாடி போட்ட அம்மா எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பிறகு பள்ளத்தில் நெருப்பு மூட்ட ஆள் தேவைப்பட்டது. அதே விறகு, அதே அளவு, அதே புகை.

"அதுக்கு ஒருத்தர்தான் இருக்காரு," என்றாள் நல்லம்மா.

அழகமுத்து முடியைப் படிய வாரி, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். புருவம் இன்னும் முளைக்கவில்லை. சுற்றிலும் எட்டு டேங்குகள் காவல் நிற்க, ஒரு தொழிலாளியின் கவனத்தோடு மாரை அடுக்கி, பச்சையை மேலே போட்டு, கீழே குனிந்து ஒரு தடவை ஊதினார். வெள்ளைக் கோடு எந்திரிச்சு நின்றது.

ரஜிதா போனைக் கையில் பிடித்திருந்தாள். ஒரு நிமிடம். இரண்டு. பேராசிரியர் காற்சட்டைப் பையில் கையை விட்டு எதையோ தொட்டுப் பார்த்தார். அது நிஜமாகவே ஸ்பேனர். மூன்று. றிஸ்கான் உதட்டுக்குள் ஓதிக்கொண்டிருந்தான். மூன்று நிமிடம் நாற்பது நொடியில் போன் அலறியது. கூடவே லயத்திலிருந்தும், தொழிற்சாலையிலிருந்தும், நிறுவையில் நின்ற முப்பது இடுப்புகளிலிருந்தும்.

"பள்ளம்: புகை. நிச்சயம் 91 வீதம்."

கண்ணாடி அம்மா நேரத்தை எழுதினார். தங்களுக்குள் கொஞ்சம் பேசிவிட்டு, கமரா அடுத்த வருட வெயில் காலம் முடியும் வரை இங்கேயே இருக்கட்டும் என்றார். அறிக்கையில் பிழையையும் எழுதவேண்டும் என்றார். ரஜிதா எழுதுவதாகச் சொன்னாள்.

அழகமுத்து மட்டும் லயங்களின் பக்கம் காது கொடுத்தபடி நின்றார். அங்கே போன்கள் இன்னும் ஒவ்வொன்றாக அலறிக்கொண்டிருந்தன.

"தம்பி," என்று றிஸ்கானைக் கூப்பிட்டார். "அப்ப இனிமே நான் இந்தப் பள்ளத்துல ஒரு பீடி பத்தவைக்க ஏலாதா?"

றிஸ்கான் யோசித்து, உண்மையைச் சொன்னான். "பீடிக்கு அடிக்காது மாமா. அடுப்பு மூட்டினா அடிக்கும்."

"எத்தன பேருக்கு?"

"எல்லாருக்கும்."

அழகமுத்து மனைவியைப் பார்த்தார். நல்லம்மா ஏற்கெனவே இரண்டு மம்பட்டிகளைத் தோளில் போட்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை அவசரத்தில் வெட்டிய கோடு காட்டின் ஒரு பக்கத்தைத்தான் காத்தது. மற்றப் பக்கம் புல் அப்படியே நின்றது. ஒரு மம்பட்டியை அவர் கையில் கொடுத்தாள்.

"வாங்க. அடுத்த நெருப்புக்கு முன்ன முடிக்கணும்."

அவர் வெள்ளைச் சட்டையைக் கழற்றித் தேயிலைச் செடியில் போட்டுவிட்டு அவள் பின்னால் ஏறினார். ரஜிதா மூன்றாவது மம்பட்டியைத் தேடிப் போனாள்.